கட்டிய பல்லைக் காத்தல்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, விவாகச் செலவு, ஏழை மாணவர்க்கு உதவி முதலிய பெரும் பொருள்களைப்பற்றிப் பேசுதலே இச்சபையின் வழக்கம். அவற்றினிடையே யாம் பல்லைப்பற்றிப் பேசப் புகுவது அற்ப விஷயமெனச் சிலர்க்குத் தோன்றலாம். ஆயினும், பல் போனால் சொல் போச்சு என்பது நம் நாட்டுப் பழமொழியன்றோ? சொல் மட்டுமன்று, சோறும் சுவையும் உடன் போகின்றன. நமது குடும்பங்களிற் பல்லுக்கு உறை போட்டுக்கொண்டோரும், இழந்த பல்லின் இடத்தில் பல் கட்டிக்கொண்டோரும் பலர் உளர். இதன் பொருட்டு ஒரு மாதச் சம்பளத்தை முழுதும் கொடுத்தோர் உண்டு. நகையை அடகு வைத்தோரும் உண்டு. அங்ஙனம் அரும்பாடுபட்டுக் கட்டிய பல், சில ஆண்டுகளுக்குள் ஆட்டங்கண்டு, தாங்கி நின்ற நல்ல பல்லையும் உடன் கொண்டு போவதை நாம் காண்கின்றோம். கட்டியவரின் குறையாலும் இது நேரும். எனினும் பெரும்பான்மை, கட்டிக்கொண்ட பின்னர்ச் செய்யவேண்டியதை அறியாமையால் நேர்கின்றது. அதனை விளக்குதலே எமது நோக்கம்.

கிரவுன் என்றும் கேப் என்றும் வழங்குவது பல்லுறையாகும். சொத்தை விழுந்தோ உடைந்தோ பலங்குன்றிய பல்லைச் சுற்றிலும் இழைத்துச் சிறிதாக்கி, அதன்மேற் குல்லாய்போற் கவிழ்த்துப் பசையால் ஒட்டுவர். பிரிட்ஜ் என்பது பல் விழுந்த இடைவெளியை நிரப்பும் பாலம். இடைவெளியின் இருபுறத்துப் பற்களையும் இழைத்து உறையிட்டு, அவ்வுறைகளுக்கு நடுவே வேரில்லாத போலிப்பல் ஒன்றை ஒரே துண்டாகச் சேர்த்து அமைப்பர். ஆற்றுப்பாலம் தூண்களால் நிற்பதுபோல இப்பாலம் அவ்விரு பற்களால் நிற்கின்றது. தூண் அரிக்கப்படின் பாலம் எங்ஙனம் நிற்கும்?

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. 2,500 ஆண்டுகளுக்கு முன்னரே இத்தாலி தேசத்து எத்ருஸ்கர் என்னும் சாதியார் பொற்பட்டையாற் போலிப்பற்களைப் பக்கத்துப் பற்களோடு பிணைத்து அணிந்தனர். 1907ஆம் ஆண்டில் அமெரிக்கரான வில்லியம் தாகர்ட் என்பவர், மெழுகால் உருவமைத்து அதன் அச்சிற் பொன்னை வார்க்கும் முறையைப் பல் வைத்தியர்களிடையே பரப்பினார். நம் ஊர்த் தட்டாரும் சிற்பிகளும் நெடுங்காலமாகக் கையாளும் மெழுகு வார்ப்பே அதற்கும் அடிப்படையாம். நமது தேசத்தில் டாக்டர் ரபியுத்தீன் அகமது 1920ஆம் ஆண்டில் கல்கத்தாவில் முதற் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1948ஆம் ஆண்டின் சட்டம் பல் வைத்தியர்கள் பதிவு செய்துகொள்ளும் முறையை ஏற்படுத்திற்று. இந்நாளில் உலோகம், பீங்கான் பூசிய உலோகம், சிர்கோனியா முதலிய பலவற்றால் உறைகள் செய்யப்படுகின்றன.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். உறை சொத்தையாவதில்லை, உறைக்குள் இருக்கும் பல் சொத்தையாகின்றது. உறையின் விளிம்பு ஈற்றோரத்திற் பல்லோடு சேர்கின்றது. அச்சேர்க்கையில் அழுக்குப் படிந்தால், அதில் வாழும் கிருமிகள் நாம் உண்ணும் இனிப்பையும் மாவையும் புளிப்பாக மாற்றுகின்றன. அப்புளிப்பு பல்லைக் கரைக்கின்றது. ஈறு தேய்ந்து வெளிப்பட்ட வேர்ப்பகுதி, மேற்பல்லைவிட விரைவிற் கரையும் இயல்பினது. ஆகையால், "உறை போட்டாயிற்று, இனிக் கவலையில்லை" என்று இருப்பது, கூரை வேய்ந்தபின் சுவரைக் கறையானுக்கு விடுவதை ஒக்கும்.

இதனினும் அபாயமான செய்தி ஒன்றுண்டு. உறை போடும் பற்களுட் பல, வேர்ச் சிகிச்சை செய்யப்பெற்றவை. அவற்றுள் நரம்பு இல்லை. நரம்பில்லாத பல் உள்ளே அரிக்கப்படினும் வலியால் நம்மை எச்சரிக்க மாட்டாது. வலியில்லை ஆதலின் நோயில்லை என்று எண்ணுகின்றோம். உள்ளே பல் முழுதும் மக்கிய பின்னரே உறை கழன்று கையில் வருகின்றது. பாலத்திலும் இத்தகைய வஞ்சனை உண்டு. இரு தூண்களுள் ஒன்றிற் பசை விட்டுப்போனாலும் மற்றொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் பாலம் விழாது. விட்ட பக்கத்தில் எச்சிலும் உணவும் புகுந்து பல்லை அழிக்கும்.

காக்கும் வழி யாது? ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்று சொல்லி வளர்ந்தவர் நாம். அம்மொழியை யாம் இகழவில்லை; தினந்தோறும் பல் துலக்குதலை நம்மவர் ஓர் அனுஷ்டானமாகக் கொண்டதற்கு அது சான்று. எனினும் உறையின் விளிம்பிலும் பாலத்தின் அடியிலும் குச்சி செல்லாது. அடுப்புக்கரியும் செங்கற்பொடியும் ஈற்றையும் வேரையும் தேய்க்குமேயன்றிக் காவா. மென்மையான தூரிகையால், புளோரைடு கலந்த பற்பசை கொண்டு, காலையிலும் இரவு படுக்குமுன்னும் இரண்டு நிமிஷம் துலக்குதல் வேண்டும். தூரிகையை ஈற்றோரத்திற்குச் சாய்வாக வைத்து மெல்ல அசைத்தல் வேண்டும். அழுத்தித் தேய்த்தல் கூடாது. இரண்டில் ஒன்றையே செய்ய இயலுமாயின் இரவு துலக்குதலை விடாதீர்கள். உறக்கத்தில் உமிழ்நீர் குறைகின்றது. காவலாள் இல்லாத வீட்டிற் கள்வன் புகுவதுபோலக் கிருமி அப்போது வேலை செய்கின்றது.

தனியுறை போட்ட பல்லின் இடுக்கை நூலாற் சுத்தம் செய்யலாம். பாலத்திலோ பற்கள் ஒன்றாய்ப் பிணைந்திருத்தலின் நூல் மேலிருந்து இறங்காது. ஆதலின் நுனி விறைப்பான தனி நூலைப் பக்கவாட்டில் நுழைத்து, போலிப்பல்லின் அடியில் முன்னும் பின்னும் இழுத்தல் வேண்டும். இடைவெளி அகன்றிருப்பின், புட்டி கழுவும் தூரிகையைச் சிறிதாக்கினாற் போன்ற இடுக்குத் தூரிகை உதவும். இவை மருந்துக் கடைகளிற் கிடைக்கும். அளவையும் முறையையும் பல் வைத்தியரிடம் ஒருமுறை கண்ணாடி முன் கற்றுக்கொள்ளுதல் நன்று. ஊக்கும் ஊசியும் கொண்டு குத்துதல் ஈற்றைக் கிழிக்கும். அப்பழக்கத்தை இன்றே விடுக.

உணவிலும் கருத்து வேண்டும். இனிப்பை எவ்வளவு உண்கின்றோம் என்பதைவிட எத்தனைமுறை உண்கின்றோம் என்பதே பல்லுக்குப் பெரிது. சர்க்கரையிட்ட காப்பியை நாள் முழுதும் சிறிது சிறிதாய்ப் பருகுதல் பல்லை ஓயாமற் புளிப்பில் நனைப்பதாகும். கொட்டைப்பாக்கு, கற்கண்டு, கெட்டியான முறுக்கு ஆகியவற்றைக் கட்டிய பல்லாற் கடித்தால் பீங்கான் பெயர்ந்துவிடும். பாக்கோ பல்லுக்கு மட்டும் பகையன்று. அது புற்றுநோய்க்குக் காரணமாவதென உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் உரைத்துள்ளது. உறக்கத்திற் பல்லை நறநறவென்று கடிப்பவர், வைத்தியர் செய்து தரும் காப்பை இரவில் அணிதல் நன்று.

நீரிழிவு உடையோர்க்கு ஒரு வார்த்தை. இரத்தத்திற் சர்க்கரை மிகுந்தால் ஈற்று நோய் வளரும். ஈற்று நோய் வளர்ந்தால் சர்க்கரையை அடக்குதல் அரிதாகும். இரண்டையும் ஒருங்கே கவனித்தல் வேண்டும். இரத்த அழுத்தம் முதலியவற்றிற்கு உட்கொள்ளும் சில மருந்துகள் வாயை உலர்த்தும். அத்தகையோர் அதனை வைத்தியரிடம் சொல்லுதல் அவசியம்.

எச்சரிக்கைக் குறிகளையும் அறிந்துகொள்ளுங்கள். கட்டிய பல்லருகே துர்நாற்றம் அல்லது கெட்ட சுவை, துலக்கும்போது ஈற்றில் இரத்தம், ஓரிடத்தில் ஓயாது உணவு சிக்குதல், விரலால் அழுத்தினால் விளிம்பில் எச்சிற் குமிழி எழுதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதியாது வைத்தியரிடம் செல்க. உறை கழன்றால் அதனை எறியாது கழுவிப் பத்திரப்படுத்தி எடுத்துச் செல்க. கடையில் விற்கும் ஒட்டுப்பசையால் தாமே ஒட்டுதல் கேடு. ஆடும் உறையோடு உறங்குதல், அது மூச்சுக்குழலிற் புகும் அபாயமுடையது. குறி ஒன்றும் இல்லாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறையாவது காட்டுதல் வேண்டும். ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து நோக்கியோர், பத்துப் பாலங்களுள் ஏறக்குறைய ஒன்பது பத்தாண்டு கழிந்தும் நிற்பதைக் கண்டனர். ஆகவே, மூன்றாம் ஆண்டிலே விழுவதைத் தலைவிதியென்று கொள்ள வேண்டுவதில்லை.

நமது குடும்பங்களுக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சொல்லி முடிக்கின்றோம்.

முதலாவது, பெண் பார்க்க வருகின்றார்கள் என்பதற்காக, சிறிது கோணிய முன்பற்களை இழைத்து அவசரமாய் உறை போடுவிக்கும் வழக்கம். இழைத்த பல் மீண்டும் வளராது. இருபது வயதுப் பெண் தன் ஆயுளில் அவ்வுறைகளைப் பலமுறை மாற்ற நேரிடும். கோணலைக் கம்பி கட்டி நேராக்கும் வழி இருக்கையில், நோயற்ற பல்லை ஒரு நாட் காட்சிக்காக வெட்டுதல் தகாது. அதனை வேண்டும் மாப்பிள்ளை வீட்டாரும், அதற்கு இசையும் பெண் வீட்டாரும் சிந்திப்பாராக.

இரண்டாவது, நம் வீட்டு முதியோர். கை நடுங்கும் பாட்டியார் பாலத்தின் அடியில் நூலை எங்ஙனம் நுழைப்பார்? அவர் வலியைச் சொல்லார். பிள்ளைக்குச் செலவு வைப்பானேன் என்று மறைத்துக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வார். "அம்மாவுக்கு இப்போதெல்லாம் பசியில்லை" என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம். பசியில்லாமையன்று, மெல்ல இயலாமையே காரணமாயிருக்கலாம். இரவில் ஐந்து நிமிஷம் அவரருகே அமர்ந்து வாயைச் சுத்தம் செய்து விடுதல் பேரன் பேத்திகள் செய்யத்தக்க பணிவிடை. அதற்குக் காசு வேண்டா.

ஆதலின், அங்கத்தினர்களை யாம் வேண்டுவது இவ்வளவே. எந்தப் பல்லுக்கு, எவ்வாண்டில், எப்பொருளால் உறை போடப்பட்டது என்பதை ஒவ்வொரு குடும்பமும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தல் வேண்டும். பதிவு பெற்ற பல் வைத்தியரிடமே செல்லுதல் வேண்டும். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தன்று, வரும் முதியோர் அனைவரின் வாயையும் ஒரு வைத்தியரைக்கொண்டு பரிசோதிப்பிக்க நிர்வாகிகள் ஏற்பாடு செய்வார்களாயின், பந்தற் செலவில் ஒரு சிறு பகுதியே அதற்குப் போதும்.