பாதுகாப்புக் குழுவில் மருந்தடிக்கும் பெண்கள்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



1896ஆம் ஆண்டில் டான் சே யான் அவர்கள் இம்மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். நம் தோட்டங்களின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. பால்மரம் சீவுவதிலும் களை எடுப்பதிலும் பெண்கள் ஆண்களுக்கு இணையாகவே உழைத்து வந்துள்ளனர். களைக்கொல்லிகள் வந்தபின், பம்பை முதுகில் சுமந்து மருந்தடிக்கும் வேலை பெரும்பாலும் அவர்கள் மீதே விழுந்தது. ஆயினும், தோட்டத்தில் கூட்டம் நடந்தால் பேசுவோர் ஆண்கள். தேநீர் கொண்டு வருவோர் பெண்கள்!

1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, 40 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்கப்படல் வேண்டும். 1996ஆம் ஆண்டு விதிகள் அதன் அமைப்பைக் கூறுகின்றன. 100 பேர் வரை உள்ள இடத்தில் நிர்வாகத்தின் சார்பில் குறைந்தது இருவர், தொழிலாளர் சார்பில் குறைந்தது இருவர். 100 பேருக்கு மேற்படின் இரு தரப்பிலும் குறைந்தது நால்வர். மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் குழு கூட வேண்டும். 40 பேருக்குக் குறைந்த சிறு தோட்டத்தாரும் கவனிக்க: 2024 ஜூன் முதல், ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ உள்ள இடத்தில் பாதுகாப்புக்கெனப் பொறுப்பாளர் ஒருவர் நியமிக்கப்படல் வேண்டும்.

குழு ஆலோசனைதான் கூறும், ஆணையிடாது. "அப்படியானால் அதனால் பயன் என்ன?" என நீங்கள் கேட்கலாம். பராகுவாட் எனும் களைக்கொல்லியின் கதையைக் கேளுங்கள். 2002இல் அதற்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1இல்தான் முற்றாகத் தடை வந்தது. அத்தனை ஆண்டுகளும் நகம் கறுத்தது யாருக்கு? மூக்கில் இரத்தம் வடிந்தது யாருக்கு? மருந்து எத்தனை டின் செலவாயிற்று என்பது கிராணியாரின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். பம்பு ஒழுகி முதுகு நனைந்தது, சுமந்தவளுக்கு மட்டுமே தெரியும். அவள் குழுவில் இல்லையேல் அச்செய்தி நிர்வாகியின் மேசையை எட்டாது.

ஆகவே, தொழிலாளர் சார்பில் ஒருவரேனும் மருந்தடிக்கும் பெண்ணாக இருக்கட்டும். மண்டோரின் துணைவியாரைப் பெயருக்கு அமர்த்துவது போதாது. கூட்டம் மலாயில் நடப்பின், தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவரைக் கேளுங்கள். வேலை முடிந்து பிள்ளைகளைக் கவனிக்கும் பொழுதில் கூட்டம் வைத்தால் எந்தத் தாய் வருவாள்? வேலை நேரத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் நின்று உழைக்கும் நேப்பாளிய, வங்காளதேசத் தொழிலாளரையும் மறவாதீர்கள். மருந்து டின்னில் எழுதியிருப்பது அவர்களுக்கு நம்மைவிடவும் புரியாது.

வாய் திறந்தால் வேலை போய்விடும் என அஞ்சுவோர் உண்டு. குழுவில் உறுப்பினராக இருப்பதற்காகவோ, ஆபத்தைப் பற்றி முறையிட்டதற்காகவோ எவரையும் வேலையிலிருந்து நீக்குதல் கூடாது என அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.