குறைந்த விலையில் ஒரு மேடைப் பாஞ்சோ



கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரி, பல மொழியினர் கலந்து வாழும் ஊர். குஜராத்தியரும் கொங்கணியரும் கச்சி மேமன்களும் தமிழரும் அங்கே அண்டை அயலாராக வாழ்கிறார்கள். அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியின் தோபிகானாவில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றன. பாட்டுக்கும் பேர்பெற்ற வட்டாரம் இது. 1954-இல் வெளிவந்த 'நீலக்குயில்' படத்தில் பாடிய மெஹபூப் இவ்வூர்க்காரர். 2018-இல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயியும் இம்மண்ணின் பிள்ளையே.

இத்தகைய ஊர்களில் வாழும் நம் இளைஞர் நால்வர் கூடி ஒரு மெல்லிசைக் குழு அமைக்க விரும்பினால், அவர்களுக்கு முதற்கவலை வாத்தியம் வாங்குவதே. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அது. தவறான கருவியில் செலவானால், பணத்தோடு ஊக்கமும் போய்விடும். ஆகவே, மலிவான பாஞ்சோவைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு என்பதைச் சற்றே ஆராய்வோம்.

'பாஞ்சோ' என்ற பெயரில் இரு வேறு வாத்தியங்கள் உண்டு. ஒன்று அமெரிக்க வாத்தியம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்களின் கைவழியே வளர்ந்தது. வட்டச் சட்டத்தில் தோல் போர்த்து, நீண்ட கழுத்தும் நான்கு அல்லது ஐந்து தந்திகளும் உடையது. மற்றொன்று நாம் புல்புல்தாரா என்று அழைப்பது. 1912-இல் ஜப்பானின் நகோயா நகரில் மொரிடா கோரோ என்பவர் அமைத்த தைஷோகோதோ என்னும் கருவியின் வழிவந்தது. தட்டச்சுப் பொறியில் உள்ளவை போன்ற கட்டைகளை இடக்கையால் அழுத்தி, வலக்கையால் தந்தியை மீட்டவேண்டும். மும்பையின் கணபதி ஊர்வலங்களில் முழங்குவதும் மலபாரின் மாப்பிளைப் பாட்டுகளுக்குத் துணை நிற்பதும் இதுவே. எது வேண்டும் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் பெயரைச் சொல்லித் தபாலில் வரவழைத்தால் வேறொன்று வந்து சேரக்கூடும்.

நம் நோக்கத்திற்கு ஏற்றது புல்புல்தாரா. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கட்டைகள் நிலையான சுரத்தையே தருவதால், கமகம் நிறைந்த ராக ஆலாபனை அதில் எளிதில் அமையாது. திரைப்பாடல், நாட்டுப்பாடல், பஜனை ஆகியவற்றிற்கு அது நன்கு பொருந்தும்.

கடையில் செய்யவேண்டிய சோதனைகள் மூன்று. முதலாவது சுருதிச் சோதனை. கட்டையை அழுத்தாமல் தந்தியை மீட்டுங்கள். பின்பு பன்னிரண்டாவது கட்டையை அழுத்தி மீட்டுங்கள். முதலில் ஒலித்தது கீழ் ஸட்ஜமானால், இரண்டாவது மிகச் சரியாக மேல் ஸட்ஜமாக ஒலிக்கவேண்டும். சிறிது ஏறியோ இறங்கியோ ஒலித்தால், குதிரையை நகர்த்திச் சீராக்க முடிகிறதா என்று கடைக்காரரையே செய்து காட்டச் சொல்லுங்கள். முடியாவிடில் அக்கருவி ஆர்மோனியத்துடன் ஒருநாளும் இசையாது. இரண்டாவது கட்டைச் சோதனை. ஒவ்வொரு கட்டையும் அழுத்தியவுடன் இறங்கி, விட்டவுடன் எழவேண்டும். தடதடவென்ற ஓசை மிகுந்தால் ஒலிவாங்கி அதையும் சபைக்குக் கொண்டு போகும். மூன்றாவது முறுக்காணிச் சோதனை. சுருதி கூட்டி, கால்மணி நேரம் வாசித்த பின்பும் தந்தி தளராதிருக்க வேண்டும்.

மேடைக்கு ஒலிபெருக்கி தேவை. காந்தச்சுருள் பொருத்திய கருவியானால், அதை ஒலிபெருக்கியில் இணைத்து, வாசிக்காமல் ஒரு நிமிஷம் கவனியுங்கள். இரைச்சல் மிகுதியானால் வேண்டாம். அச்சுருள் இல்லாத கருவி விலை குறைவு. ஒலிவாங்கியை அருகில் வைத்து வாசிக்கலாம். சிறிய கூடத்திற்கு அதுவே போதும்.

பாடுபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் குரலுக்குரிய சுருதிக்கு ஏற்றும்போது தந்தி அறுமாயின், அக்கருவி உங்களுக்கு உரியதன்று. ஆண் குரலும் பெண் குரலும் கலந்த நிகழ்ச்சியில் இடையிடையே சுருதி மாற்றிக்கொண்டிருக்க இயலாது. ஒரே சுருதிப் பாடல்களை அடுத்தடுத்து அமைப்பதும், வேறு கட்டையை ஆதாரமாகக் கொண்டு வாசிக்கப் பழகுவதும் நலம்.

கைப்பணம் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாதீர்கள். மாற்றுத் தந்திகளுக்கும் உறைக்கும் இணைப்புக் கம்பிக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். கொச்சியின் கடற்காற்றிலும் மழைக்கால ஈரத்திலும் எஃகுத் தந்தி விரைவில் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து வைக்கவேண்டும்.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளிற் பலர் தமிழை எழுத்தாகக் கற்பதற்கு முன்பே பாட்டாகக் கேட்கிறார்கள். அப்பாட்டுக்குத் துணைநிற்கும் கருவியின் விலை குறைவாயிருப்பதில் குற்றமில்லை. சுருதி மட்டும் குறையாதிருக்கட்டும்.