மயிலாப்பூர் வீட்டில் பிறந்த ஆய்வு நிறுவனம்

இது ஒரு வீட்டின் கதை.

மயிலாப்பூர் ஏகாம்ர நிவாஸ். அரசியல் சட்டத்தை வரைந்த குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. மகன் ராமகிருஷ்ணன், 1923இல் பிறந்தவர். சட்டம் படித்தும் அவர் மனம் இயற்பியலிலேயே நின்றது. இயற்பியலாளர் ஹோமி பாபாவிடம் சேர்ந்தார், மான்செஸ்டரில் முனைவர் பட்டம் பெற்றார்.

சென்னைக்குத் திரும்பியவர், அந்த வீட்டிலேயே மாணவர்களைக் கூட்டிக் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடத்தினார். கோட்பாட்டு இயற்பியலுக்குப் பெரிய கருவிகள் வேண்டாம். கரும்பலகையும் சாக்பீஸும் விடாத கேள்வியும் போதும். வெளிநாட்டு அறிஞர்கள் அங்கே வந்து பேசினார்கள்.

அணுவின் அமைப்பை விளக்கி நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போரே 1960இல் அந்த வீட்டுக்கு வந்தார்! இந்தியாவில் தம்மைக் கவர்ந்தவற்றில் இந்தச் சிறு குழுவும் ஒன்று என்றார். செய்தி பிரதமர் நேருவுக்கு எட்டியது. ஓர் ஆய்வு நிறுவனம் அமைய, சென்னை மாநிலக் கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் துணைநின்றார்.

1962 ஜனவரி 3. சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. தொடக்க உரை நிகழ்த்தியவர் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர். ராமகிருஷ்ணன் 1983 வரை அதன் இயக்குநர். தரமணியில் அது இன்றும் இயங்குகிறது.