"இது வலிப்பு மாத்திரையாமே!"



வலிப்பு நோயை வெளியில் சொல்ல நம் சமுதாயம் இன்னமும் கூச்சப்படுகிறது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைக்கிறார்கள். வேலைக்கு மனுப் போடும்போது மறைக்கிறார்கள். அந்தக் கூச்சம் இப்போது மாத்திரைப் பொட்டலம் வரைக்கும் வந்துவிட்டது. அதனால் வரும் ஆபத்தைப் பற்றித்தான் இன்றைய அங்கம்.

பல ஆண்டுகளாக இனிப்பு நீர் உள்ள ஒரு பெரியவரை எடுத்துக்கொள்வோம். இரவானால் பாதம் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது. டாக்டர் கபாபென்டின் என்ற மருந்தைக் கொடுக்கிறார். வீட்டில் மகன் அந்தப் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது வலிப்பு மாத்திரையாமே!" என்கிறான். "எனக்கு என்ன இழுப்பா வருது? டாக்டர் மாத்திக் கொடுத்துட்டாரு" என்கிறார் அப்பா. அன்றோடு மாத்திரை அலமாரிக்குள் போய்விடுகிறது. எரிச்சல் மட்டும் காலிலேயே இருக்கிறது.

டாக்டர் மாற்றிக் கொடுக்கவில்லை. ஒரே மருந்து இரண்டு நோய்க்கும் பயன்படுகிறது. அது எப்படி?

இரண்டுக்கும் வேர் ஒன்று

நம் நரம்புகள் மின்சாரக் கம்பிகளைப் போன்றவை. மூளையில் பல நரம்பணுக்கள் கட்டுப்பாடில்லாமல் ஒரே நேரத்தில் மின்துடிப்பை வெளிவிட்டால் அது வலிப்பு. காலிலோ முகத்திலோ உள்ள ஒரு நரம்பு பழுதடைந்து, காரணமே இல்லாமல் துடிப்பை அனுப்பிக்கொண்டிருந்தால் அது நரம்பு வலி. அந்தத் துடிப்பை அடக்கும் மருந்து இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது.

கபாபென்டின் 1993இல் அமெரிக்காவில் வலிப்பு நோய்க்காக அனுமதிக்கப்பட்டது. அக்கி வந்து ஆறிய பிறகும் விடாமல் இருக்கும் நரம்பு வலிக்கு 2002இல் அங்கே அனுமதி கிடைத்தது. பிரீகபாலின் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கார்பமாசெபின் இவற்றைவிடப் பழையது. முகத்தில் மின்சாரம் பாய்வதுபோல் 'சுரீர்' என்று வரும் நரம்பு வலிக்கு அதைத்தான் டாக்டர்கள் முதலில் நாடுகிறார்கள். அந்த வலியைப் பல்வலி என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

இந்த விஷயத்தில் நமக்கு அக்கறை கூடுதலாகவே இருக்க வேண்டும். மலேசிய சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்பு நீர் நீண்ட நாள் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் நரம்பைத் தாக்கும். இந்த மாத்திரைகள் நம் வீடுகளுக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நினைத்தவுடன் நிறுத்தலாமா?

கூடாது. வலிப்பு நோயாளிகளில் சிலர், "ரெண்டு வருஷமா வரலை, இனிமே எதுக்கு?" என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். வலிப்பு வராமல் இருந்ததற்குக் காரணமே அந்த மாத்திரையாக இருக்கலாம். திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்பி வரும். சிலருக்கு அது நிற்காமல் தொடரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நீடித்தால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

நரம்பு வலிக்காகச் சாப்பிடுகிறவர்களும் சட்டென்று விடக் கூடாது. தூக்கமின்மை, வியர்வை, பதற்றம், குமட்டல் வரலாம். எப்போதாவது வலிப்பே வருவதும் உண்டு. கபாபென்டினை நிறுத்த வேண்டியிருந்தால், டாக்டரின் சொற்படி குறைந்தது ஒரு வாரம் எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைப்பார்கள்.

மருந்து வேலை செய்யவில்லை என்று மூன்றாம் நாளே கைவிடுவதும் தவறு. பனடோல் போல அரை மணி நேரத்தில் வலியைக் குறைக்கும் மருந்து இதுவன்று. சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்துப் போடக் கூடாது. தீபாவளி, சீனப் பெருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே மாத்திரையை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. தைப்பூச விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால், வேளைகளை மாற்ற முடியுமா என்று பார்த்துச் சொல்வார். தாமாகவே பகல் மாத்திரையைத் தள்ளி வைப்பது ஆபத்து.

அவருக்கு அளவு, இவருக்கு ஆபத்து

"அக்கா, எனக்கு இது நல்லா கேட்டுச்சு, நீங்களும் ரெண்டு போட்டுப் பாருங்க" என்று பக்கத்து வீட்டில் கொடுப்பது நம்மிடம் உள்ள பழக்கம். அன்பினால் செய்வதுதான். ஆனால் இந்த மருந்தில் அந்த அன்பு ஆளையே சாய்த்துவிடலாம்.

காரணம் சிறுநீரகம். கபாபென்டினும் பிரீகபாலினும் பெரும்பாலும் சிறுநீர் வழியாகவே உடலை விட்டு வெளியேறுகின்றன. சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவருக்குத் தேவைப்பட்டால் கபாபென்டினை ஒரு நாளைக்கு 3600 மில்லிகிராம் வரையிலும் கொடுப்பதுண்டு. சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைக்க வேண்டும். அது 15க்கும் 29க்கும் இடையில் இருந்தால், ஒரு நாளைக்கு மொத்தமே 200 முதல் 700 மில்லிகிராம்தான். நரம்பைக் கெடுத்த அதே இனிப்பு நீர் சிறுநீரகத்தையும் கெடுத்திருக்கக்கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. வெளியேறாத மருந்து உடலில் தேங்கினால் மயக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஏற்படும். வயதானவர் கீழே விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வார். "வயசாயிடுச்சு, அதான்" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "என் சிறுநீரகச் சோதனையைப் பார்த்துத்தான் இந்த அளவைக் கொடுத்திருக்கிறீர்களா?"

எதனோடு சேரக் கூடாது?

மது கூடவே கூடாது. சம்சுவானாலும் பியரானாலும் மயக்கத்தைக் கூட்டும். டிரமடோல் போன்ற கடும் வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை ஆகியவை இந்த மருந்தோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடலாம். முதியவர்களும் நுரையீரல் நோய் உள்ளவர்களும் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது.

அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த வயிற்றுப் புண் மருந்து குடிப்பவர்கள், அதன் பிறகு இரண்டு மணி நேரம் கழித்தே கபாபென்டின் சாப்பிட வேண்டும். கார்பமாசெபினும் ஃபெனிடோயினும் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். நாட்டு மருந்தோ ஜாமுவோ சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருந்து பழகும் வரை மோட்டார் சைக்கிளோ லாரியோ ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

தோலில் வரும் எச்சரிக்கை

கார்பமாசெபின் சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், தோலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவத்தல், தோல் உரிதல் ஆகியவற்றில் எது வந்தாலும், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மாத்திரைப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காலை வரைக்கும் பார்க்கலாம் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை இது. தோல் தீக்காயம்போல் கழன்று உயிரைப் பறிக்கும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயின் தொடக்கமாக அது இருக்கலாம்.

எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம் என்பதைத் தைவான் ஆய்வாளர்கள் 2004இல் கண்டறிந்தார்கள். அது சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் கூடுதலாக உண்டு. இந்தியர்களிடம் குறைவு என்றாலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆசிய வம்சாவளியினருக்குப் புதிதாக கார்பமாசெபின் தொடங்குமுன் இந்த மரபணுவுக்கான இரத்தச் சோதனை செய்ய வேண்டும் என்று சிங்கப்பூர் 2013இல் அறிவுறுத்தியது. நம் டாக்டரிடமும் இதைக் கேட்பதில் தவறில்லை.

தாய்மார்களுக்கு

வலிப்புக்குக் கொடுக்கப்படும் வால்புரோவேட் மருந்து கருவில் உள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய 10 விழுக்காட்டினருக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். 30 முதல் 40 விழுக்காட்டினருக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்னடைவு ஏற்படலாம். அதனால் திருமணம் நிச்சயமாகும்போதே டாக்டரைப் பார்த்து மாற்று மருந்து பற்றிப் பேச வேண்டும். கருவுற்றது தெரிந்ததும் பயந்துபோய்த் தாமாக மாத்திரையை நிறுத்தினால், வரும் வலிப்பு தாயையும் குழந்தையையும் சேர்த்தே பாதிக்கும். ஒரு பெண் தன் நோயைப் புகுந்த வீட்டில் மறைத்து, மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடும் நிலை இருந்தால், இந்தப் பேச்சு நடக்கவே வழியில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்வோம்

மருந்தகச் சன்னலில் நிற்கும்போது நான்கு விஷயங்களைக் கேளுங்கள். இது எனக்கு எதற்காக? எந்த நேரத்தில், எவ்வளவு? எதனோடு சேரக் கூடாது? எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்? தமிழில் கேட்டால் புரியாது என்று தயங்கினால், பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியில் அவன் தட்டிப் பார்ப்பதைவிட மருந்தாளரிடம் நேரில் கேட்பது மேல்.

இந்த மருந்துகளால் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருவதுண்டு. வீட்டில் ஒருவர் வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கி இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

பொட்டலத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வலிப்பும் நரம்பு வலியும் யாருக்கும் வரக்கூடிய உடல் நோய்கள். நோயை வெளிப்படையாகப் பேசும் வீட்டில்தான் மருந்தும் ஒழுங்காக உள்ளே போகும்.