இரணைமடுவில் ஒன்பது தோழியர்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ சொல்வார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நான் இன்று ஒரு குளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

போன ஆவணியில் எங்கள் வகுப்புத் தோழியர் ஒன்பது பேர் இரணைமடுவுக்கு இரண்டு நாட் பயணம் போனோம். ரொறன்ரோவிலிருந்து இருவர், லண்டனிலிருந்து ஒருத்தி, மற்றவர்கள் யாழ்ப்பாணமும் வன்னியும். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். சிலருக்கு முழங்கால் வலி. வாய்க்கு மட்டும் ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

இரணைமடு வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். வடக்கு நோக்கி ஓடிவரும் கனகராயன் ஆற்றை மறித்து, 1902இல் வேலை தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கட்டி முடித்தார்கள். எங்கள் சங்கத்துக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. 2018 டிசம்பரில் பெய்த பெருமழையில் அதன் வான் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சி வெள்ளத்தில் மூழ்கியது. சோறு போடுவதும் அந்தத் தண்ணீர்தான், பயம் காட்டுவதும் அந்தத் தண்ணீர்தான்.

முதல் நாள் விடியக் கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டுக் குளக்கட்டில் நடந்தோம். பிறகு ஊரவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அலைகரைப் பக்கம் போனோம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் போய்க் குளம் உள்ளே ஒடுங்கியிருந்தது. வெடித்த களிமண்ணில் யானையின் காலடிகள் பதிந்து காய்ந்திருந்தன. பழகிய தடத்தைவிட்டு ஓரடி விலகவும் அவர் விடவில்லை. யானை மட்டும் காரணமல்ல. வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

அடுத்த நாள் வள்ளம். எங்களுக்குக் கிடைத்த உயிர்காப்பு அங்கிகள் நான்குதான். ஆகவே நான்கு நான்கு பேராக முறைவைத்து ஏறுவது, அங்கி இல்லாமல் ஒருத்தியும் ஏறுவதில்லை என்று முடிவு செய்தோம். வள்ளக்கார ஐயா எங்களிடமே துடுப்பைத் தந்தார். சோளகக் காற்று எதிரே அடித்தது. பத்து நிமிடம் வலித்தும் வள்ளம் நின்ற இடத்திலேயே நின்றது. “பிள்ளையள், ஆளாளுக்கு வலிச்சா வள்ளம் சுத்தும். ஒரு தாளத்தில வலியுங்கோ” என்றார். பள்ளிக்கூட உடற்பயிற்சி வகுப்பைப்போல ஒன்று, இரண்டு என்று எண்ணினோம். வள்ளம் நகர்ந்தது.

நடுக் குளத்தில் வள்ளம் சரிந்து ஆடியபோது பக்கத்தில் இருந்தவள் என் கையை இறுகப் பிடித்தாள். “கிளாலி ஞாபகம் வருதடி” என்றாள். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு எங்களில் பலர் கிளாலிக் கடலை இருட்டில் வள்ளத்தில் கடந்தவர்கள். அன்று எங்களில் ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. இன்றைக்கு யார் யாருக்குத் தெரியும் என்று கரையில் வந்து கேட்டேன். ஒன்பது பேரில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளும் கனடாவில் தன் பிள்ளைகளோடு சேர்ந்து பழகியவள்.

வள்ளக்கார ஐயாவிடமும் கேட்டேன். “பேரன் நல்லா நீந்துவான். பேத்திக்குப் பழக்கேல்லை, பொம்பிளைப் பிள்ளைதானே” என்றார். தண்ணீர்க் கரையில் பிறந்து வளரும் பிள்ளை அது.

சகோதரிகளே, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாக இறந்தார்கள். நீந்தத் தெரியாமை அதற்கு ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். மூழ்குகிறவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை, சத்தமில்லாமல் போய்விடுவார். தூக்கி எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள், நெஞ்சை அமுக்குங்கள், 1990க்கு அழையுங்கள். அந்தச் சில நிமிடங்கள் கடந்தபின் வந்தால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

குளத்திலே இறங்கி நீந்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே முதலையும் உண்டு. நான் கேட்பது இதுதான். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை நீச்சலுக்கு ஒதுக்குவோம். ஒரு தடாகத்தில் வாரம் சில மணித்தியாலங்களை வாடகைக்கு எடுப்போம், பெண் பயிற்றுநர் ஒருவரை அமர்த்துவோம். எங்கள் கல்லூரியைவிட்டுப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் மிதக்கவும், 25 மீற்றர் நீந்தவும், மூச்சுக் கொடுக்கவும் தெரிந்து போகட்டும். உடை என்ன, ஊர் என்ன சொல்லும் என்ற கேள்விகள் வரும். சைக்கிள் ஓட எங்கள் அம்மாமார் பழகிய காலத்திலும் அந்தக் கேள்விகள் வந்தன. அவர்கள் ஓடினார்கள், நாங்கள் பின்னால் இருந்து பள்ளிக்கு வந்தோம்.

என் பங்காக முதலாவது வகுப்புக்கான செலவை நான் ஏற்கிறேன். அந்த வகுப்பில் நானும் ஒரு மாணவியாகச் சேருவேன். மற்ற ஏழு பேரும் பெயர் தந்துவிட்டார்கள்.