கொழுந்தின் தண்ணீரும் நமது கிலோவும்

(திருநெல்வேலியில் நடந்த தொழிலாளர் கல்வி வகுப்பில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்து இன்று திருநெல்வேலியில் கூடியிருக்கிறோம். காலையில் சந்தைக்குப் போனோம். அங்கே ஒடியலும் புழுக்கொடியலும் குவித்து வைத்திருந்தார்கள். பனங்கிழங்கைக் கிழித்துப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், காய எத்தனை நாள் செல்லும் என்று கேட்டோம். "முதல் நாள் வெயிலுக்கே கனக்கக் காய்ஞ்சிடும் பிள்ளையள், பிறகுதான் மெல்ல மெல்லக் காயும்" என்றார்.

அந்த அம்மா ஒரு வரியில் சொன்னதை விஞ்ஞானிகள் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். 1921இல் அமெரிக்காவில் லூயிஸ் என்ற பொறியியலாளர் எழுதிய கணக்கு இது: ஒரு பொருளிலிருந்து இன்னும் போகவேண்டிய தண்ணீர் எவ்வளவு மீதி இருக்கிறதோ, அதற்கு ஏற்றபடிதான் அது காயும் வேகமும் இருக்கும். போகவேண்டிய தண்ணீர் 100 கிராம் என்று வைப்போம். முதல் மணித்தியாலத்தில் 50 கிராம் போனால், அடுத்த மணித்தியாலத்தில் 25தான் போகும், அதற்கடுத்து பன்னிரண்டரை. 1949இல் பேஜ் என்பவர் சோளத்தைக் காயவைத்துப் பார்த்து இந்தக் கணக்கைத் திருத்தினார். இன்றும் பழம், கிழங்கு, இலை எது காய்வதைக் கணக்கிட்டாலும் இந்த இரண்டு பெயர்களும் வரும்.

இது 1974இல் இந்த ஊரில் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் படிக்கும் நமது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய கணக்கு என்று நினைக்கவேண்டாம். கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் நிற்கும் நமக்குத்தான் இது முதலில் வேண்டும்.

எப்படி என்று பார்ப்போம். பச்சைக் கொழுந்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு தண்ணீர். மீதி 22 பங்குதான் சாரம். 100 கிலோ கொழுந்து ஸ்டோருக்குப் போனால், வாட்டும்போது பாதிக்குமேல் குறைந்து ஏறத்தாழ 49 கிலோ ஆகிறது. டிரையரிலிருந்து வெளியே வரும்போது 22, 23 கிலோ தூள். இவ்வளவு நடந்தும் அந்த 22 கிலோ சாரம் மாறவில்லை. போனதெல்லாம் தண்ணீர்தான். தோட்டம் விற்பது சாரத்தை. நம்மிடம் நிறுப்பது சாரத்தையும் தண்ணீரையும் சேர்த்து.

மழை நாளில் கூடையை வைத்தவுடன், "ஈரக் கொழுந்து" என்று சொல்லிக் கிலோ கழிக்கிறார்கள். மழைத் தண்ணீருக்குக் கூலி கேட்பது நமது நியாயம் அல்ல. 20 கிலோ கொழுந்தில் 2 கிலோ மழைத் தண்ணீர் ஒட்டியிருந்தால் தராசு 22 காட்டும். 2 கிலோவைக் கழிப்பது சரி. ஆனால் கண்ணால் பார்த்து 4 கிலோ கழித்தால், 2 கிலோ நல்ல கொழுந்தும் சேர்ந்து போகிறது. அதில் கிட்டத்தட்ட 450 கிராம் தூள் இருக்கிறது. அந்தத் தூள் விற்கப்படும். அதைப் பறித்த கைக்குக் கூலி இல்லை.

இனி வெயில் நாளைப் பாருங்கள். இதை நாம் அதிகம் பேசுவதில்லை. காலையில் பறித்த 20 கிலோ கொழுந்து, நிறுவைக்கு ஆள் வரும்வரை வெயிலில் கிடக்கிறது. தண்ணீர் 78 பங்கிலிருந்து 76க்கு இறங்கினால் போதும், அந்த 20 கிலோ 18 கிலோ 300 கிராம் ஆகிவிடும். சாரம் அதே 4 கிலோ 400 கிராம்தான். ஸ்டோருக்கு ஒரு கிராம் தூளும் குறையவில்லை. நமக்கு மட்டும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போய்விட்டது. அன்றைக்குப் பேருக்கு 20 கிலோ என்று வைத்திருந்தால், முழுப்பேர் கிடைக்காமல் போவதற்கு அதுவே போதும். ஒடியல் விற்ற அம்மா சொன்னதுபோல, காய்வது முதலில்தான் வேகம். அதனால் காத்திருக்கும் முதல் மணித்தியாலமே நமக்கு அதிக நட்டம்.

மழைக்குக் கழிப்பவர்கள் வெயிலுக்குக் கூட்டுவதில்லை. தண்ணீர்க் கணக்கு ஒரு பக்கமாக மட்டும் ஓடுகிறது.

ஆகவே நாம் மூன்று விடயங்களைக் கேட்கவேண்டும்.

ஒன்று, ஈரத்தை அளந்து கழிக்கவேண்டும். பல கூடைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒரு கிலோ நிறுக்கட்டும். உலர்ந்த துணியில் சுற்றி, இலைமேல் உள்ள தண்ணீர் போகும்வரை உதறி, மறுபடி நிறுக்கட்டும். 910 கிராம் காட்டினால் ஈரம் நூற்றுக்கு 9. 22 கிலோ கூடைக்கு 2 கிலோ கழிவு. இதற்கு ஐந்து நிமிடம்கூட வேண்டாம்.

இரண்டு, அளக்கும்போது தொழிலாளர் தரப்பில் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். அளந்ததைக் கொப்பியில் எழுதவேண்டும். மழை இல்லாத நாளில் ஈரக் கழிவு இருக்கக்கூடாது.

மூன்று, நிறுவை நேரத்துக்கு நடக்கவேண்டும். தாமதமானால் கொழுந்தை வைக்க நிழல் வேண்டும்.

தோழர்களே, இதில் சலுகை எதுவும் இல்லை. எண்ணும் தராசும் சொல்வதைத்தான் கேட்கிறோம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த மாதர் கூட்டத்தில் ஒவ்வொரு தாயும் இதைத் தன் வாயால் சொல்லவேண்டும். கணக்குத் தெரிந்து மடுவத்தில் நிற்பவரிடம் கண்மதிப்பில் கிலோ கழிப்பது அவ்வளவு இலேசாக இருக்காது.