ஏழு இருக்கை, ஏழு பெல்ட்

(தலைப்பு: சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பம் ஏழு பேர் கார் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வசதியே! பாதுகாப்பே! - ‘பாதுகாப்பே’ அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! ‘வசதியே’ என்று வசதியாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி அன்பர்களே! அரங்கத்திலும், வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! 

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் கேட்டார்கள்: “தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, மூணு பிள்ளைங்க. ஏழு பேரும் தாராளமா உட்கார இடம் வேண்டாமா?” வேணும்மா! ஆனா எந்த வீட்டுலம்மா ஏழு பேர் வண்டியில ஏழு பேர் போறாங்க? (சிரிப்பு) வண்டி வந்த மறுவாரமே குலதெய்வம் கோயில். ஏழு பேர் ஏறியாச்சு. சித்தப்பா வருவார்: “நான் ஓரமா ஒட்டிக்கிறேன்.” அத்தை வருவாங்க: “இவனை மடியில வச்சுக்கிறேன்.” கதவைச் சாத்தி எண்ணிப் பார்த்தா 11 பேர்! (கைதட்டல்)

என் மைத்துனர் வண்டி வாங்கப் போனபோது, “அத்தான், நீங்களும் வாங்க. தமிழ் வாத்தியார் பேசினா விலை குறையும்” என்று என்னையும் அழைத்துப் போனார். மாமனார் கேட்டது மைலேஜ். மாமியார் கேட்டது, “தம்பி, சாமி படம் எங்க வைக்கிறது?” மைத்துனர் மனைவி கேட்டது கலர். மூத்த பையன் கேட்டது கூரையில திறக்கிற ஜன்னல். ஷோரூம் தம்பி காட்டியது பெரிய டி.வி. மாதிரி ஒரு திரை. எல்லாரும் கேட்டு முடிச்ச பிறகு, மூணு வயசுக் கடைக்குட்டி என் வேட்டியை இழுத்துச்சு: “மாமா, நான் எங்க உட்காரணும்?”

அம்மா சொன்னாங்க, “என் மடியில.” பாட்டி சொன்னாங்க, “என் மடியில.” தாத்தா, “முன்சீட்டுல, என் மடியில.” நடுவர் அவர்களே! ஏழு இருக்கை உள்ள வண்டியில மூணு மடி கிடைச்சுது. அந்தக் குழந்தைக்கு ஓர் இருக்கை கிடைக்கலையே! (கைதட்டல்)

மடி தாலாட்டுவதற்கு. ஓடும் காரில் அது இருக்கை ஆகாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி எதன் மீதாவது மோதினால், உள்ளே கட்டப்படாமல் இருக்கும் உடம்புக்கு அது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற விழுச்சி. மூணாவது மாடிங்க! மூணாவது மாடியிலிருந்து விழுகிற குழந்தையைப் பாட்டியின் கை பிடித்து நிறுத்துமா? பாசம் இருக்கு, பலம் இருக்கா? முன்சீட்டு மடி இன்னும் மோசம். பெரியவரைக் காப்பாற்ற வெடித்து விரியும் காற்றுப் பை, மடியில் இருக்கும் குழந்தையின் முகத்தில்தான் அறையும்.

“வாத்தியார் பயமுறுத்துறார்” என்பார் எதிரணித் தலைவர். ஐயா, சட்டமும் இதையே சொல்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை பெல்ட்டோ, குழந்தை இருக்கையோ போடாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

சரி, ஏழு பேர் வண்டியில் என்ன பார்ப்பது? முதலில் இருக்கையை எண்ணாதீர்கள், பெல்ட்டை எண்ணுங்கள். ஏழும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற பெல்ட்டா? நடுவரிசையின் நடு இருக்கையில் இடுப்புக்கு மட்டும் இருந்தால், அது முழு இருக்கை இல்லை. அடுத்து, குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி. பெரும்பாலான வண்டிகளில் இது நடுவரிசை ஓரங்களில்தான் இருக்கும். நாம என்ன செய்றோம்? “சின்னப் பசங்கதானே, பின்னால போங்கடா”ன்னு கடைசி வரிசைக்குத் தள்ளுகிறோம். அங்கே கொக்கியும் கிடையாது, தனிக் கதவும் கிடையாது, முதுகுக்குப் பின்னால் அரை முழத்தில் பின்கதவு!

இன்னொன்று. நடுவரிசையில் குழந்தை இருக்கையை மாட்டிவிட்டால், அந்த இருக்கையை மடக்க முடியாது. மடக்காமல் கடைசி வரிசைக்குத் தாத்தா எப்படிப் போவார்? டிக்கி வழியா ஏத்துவீங்களா? (சிரிப்பு) நடுவில் வழிவிட்டு இரண்டு தனித்தனி இருக்கை உள்ள வண்டிகள் இருக்கின்றன. அதில் ஒரு பெல்ட் குறையும். ஏழு ஆறாகும் வண்டியும் உண்டு. ஆகவே, வீட்டில் இருக்கும் குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டு போங்கள். ஷோரூமிலேயே மாட்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் தாத்தாவையும் ஏற்றி, இறக்கிப் பாருங்கள்.

வசதி பேசியவர்கள் டிக்கியைப் பேசவில்லையே! ஏழு இருக்கையும் விரித்தால் எர்டிகாவில் 209 லிட்டர் இடம். டிரைபரில் 84 லிட்டர். நம்ம வீட்டு முறுக்கு டின்னுக்கே பத்தாது! (சிரிப்பு) மிச்சத்தைப் பிள்ளைகள் தலைக்கு மேல் அடுக்குகிறோம். பிரேக் போட்டால் எவர்சில்வர் தூக்கு பறந்து எங்கே வந்து விழும்?

நம்ம பிள்ளைங்க மார்க் ஷீட்டை எப்படிப் பார்க்கிறோம்? ஒரு மார்க் குறைஞ்சா வீட்டையே ரெண்டாக்குறோம். கார்களுக்கும் நம் நாட்டில் மார்க் ஷீட் இருக்குங்க! 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப். மோதவிட்டுப் பார்த்து, பெரியவர்களுக்கு 32-க்கும், குழந்தைகளுக்கு 49-க்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள். பிள்ளையின் மார்க்கைப் பார்க்கிற அப்பா, பிள்ளை ஏறப்போகிற வண்டியின் மார்க்கைப் பார்த்தாரா? (பலத்த கைதட்டல்)

கூரை ஜன்னலைத் திறந்து பிள்ளையை நிற்க வைத்து, “காத்து வாங்குடா கண்ணா” என்கிறோமே! ஒரு நாய் குறுக்கே வந்தால் போதும். வெயில் வெளிச்சத்துக்கு வைத்த ஜன்னல் அது. பிள்ளை நிற்க வைத்த மேடை இல்லை.

நடுவர் அவர்களே! திருக்குறளில் மக்கட்பேறு எத்தனையாவது அதிகாரம்? 7-ஆவது அதிகாரம்! பிள்ளை மேனியைத் தீண்டுவதே உடம்புக்கு இன்பம் என்று அங்கே சொன்ன வள்ளுவர், அந்த மேனியில் ஒரு கீறல் விழச் சம்மதிப்பாரா? ஏழு இருக்கை வாங்குகிற அப்பாக்களும் தாத்தாக்களும் அந்த ஏழாவது அதிகாரத்தை நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.

பூஜை போடுகிறோம். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழத்தை நசுக்கிவிட்டு வண்டி நகர்வதற்கு முன்னால், ஏழு பெல்ட்டும் ‘டக் டக்’கென்று மாட்டுகிற சத்தம் கேட்கட்டும். காலை நீட்டி உட்கார இடம் கொஞ்சம் குறைந்தால், டீக்கடையில் நிறுத்தி நீட்டிக்கொள்ளலாம். பிள்ளை குறைந்தால் எந்தக் கடையில் போய் வாங்குவது?

ஆகவே, முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பே, பாதுகாப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.